அவள் வந்ததும் மாறிய பேச்சு

கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷன் செய்யும்போது ஒருத்தி பியூரெட்டைத் திறந்து மூட வேண்டும், இன்னொருத்தி குடுவையைச் சுழற்ற வேண்டும். பதினொன்றாம் வகுப்பு தொடங்கியதிலிருந்து பியூரெட் ரேவதியின் கையில், குடுவை அஸ்பியாவின் கையில். குடுவையில் இளஞ்சிவப்பு லேசாக வந்து நின்றதும் அஸ்பியா "போதும்டி" என்பாள். ரேவதி குழாயை மூடுவாள். அவர்களுடைய அளவு எப்போதும் டீச்சரின் அளவோடு ஒத்துப்போகும்.

ஆகஸ்டில் இசக்கிப்பிரியா வந்து சேர்ந்தாள். அவள் அப்பாவுக்கு ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. குடும்பத்தோடு அம்பாசமுத்திரத்திலிருந்து மத்திகிரிக்குக் குடிவந்திருந்தார்கள். லேபில் அவளுக்கு ஜோடி இல்லை. கெமிஸ்ட்ரி டீச்சர் சுற்றிலும் பார்த்தார்.

"அஸ்பியா, கொஞ்ச நாள் நீ இவகூட நில்லு. ரேவதிக்குத் தனியாவே வரும்."

அது பாராட்டுதான். ரேவதி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

அடுத்த மேசையில் இசக்கி குடுவையைச் சுழற்றினாள். "ஏட்டி, செவக்குது பாரு. நிறுத்து."

அஸ்பியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏட்டியா? இன்னொரு தடவ சொல்லு."

"ஏன், நீங்க அப்படிச் சொல்ல மாட்டியளா?"

"சொல்ல மாட்டியளா" என்று அஸ்பியா திருப்பிச் சொல்லி, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இசக்கியும் சிரித்தாள். ரேவதி தன் குடுவையைப் பார்த்தபோது அது அடர்ந்த ரோஜா நிறத்துக்குப் போயிருந்தது. கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினாள்.

ரேவதியின் வீட்டில் தெலுங்கு. ஓசூர்ப் பக்கம் ஒரு வீட்டில் தெலுங்கு என்றால் அடுத்த வீட்டில் கன்னடம். கடையிலும் பள்ளியிலும் தமிழ். ஒரே ஆள் ஒரே பேச்சில் மூன்றிலும் போய்வருவது இங்கே யார் கண்ணிலும் படாத விஷயம். அஸ்பியாவின் வீட்டில் தமிழ்தான். அவள் அப்பா ஷௌகத் அலி மத்திகிரியில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கிறார்.

அஸ்பியாவுக்குத் தெலுங்கு சொல்லிக்கொடுத்தவள் ரேவதி. ஆறாம் வகுப்பில் அது தொடங்கியது. தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் வரும் காலை பஸ்ஸில் ரேவதியின் ஊர் முதலில் வரும், மத்திகிரி பிறகு வரும். ரேவதி ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்தில் பையை வைத்து இடம்பிடிப்பாள். மத்திகிரியில் அஸ்பியா ஏறியதும் பையை மடியில் எடுத்துக்கொண்டு, "ராவே, கூச்சோ" என்பாள். வாடி, உட்காரு. அஸ்பியா கற்ற முதல் தெலுங்கு அது. எட்டாம் வகுப்புக்குள் அவள், ரோஜாத் தோட்டம் வைத்திருந்த ரேவதியின் அப்பா சென்னகிருஷ்ணனிடம் ரோஜா என்ன விலை போகிறது என்று தெலுங்கிலேயே கேட்கும் அளவுக்கு வந்துவிட்டாள். "இந்தப் பாப்பா நம்ம வூட்டுப் பாப்பா மாதிரியே பேசுது" என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். ரேவதி அந்தத் தெலுங்கைத் தான் கொடுத்த ஒன்றாகவே நினைத்திருந்தாள். பிறந்த நாளுக்குக் கொடுத்த வளையல் மாதிரி, எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

இசக்கி வந்த பிறகு மத்திகிரியில் இரண்டு பேர் ஏறினார்கள். புதியவளைத் தனியாக நிற்கவைக்க மனமில்லாமல் அஸ்பியாவும் படிக்கட்டுப் பக்கம் அவளோடு நின்றாள். ரேவதியின் பை சீட்டிலேயே இருந்தது. பூக்கூடையோடு வந்த ஒரு அம்மாள், "யாருக்கும்மா எடம் புடிச்சு வெச்சிக்கினு இருக்க?" என்று கேட்டாள். ரேவதி பையை எடுத்தாள்.

செப்டம்பரில் பள்ளியில் மாணவர் பாதுகாப்புக் குழுவின் விதிகளைக் காலை அசெம்ப்ளியில் வாசிக்க வேண்டும் என்று முடிவானது. குழுவுக்குப் பொறுப்பு விலங்கியல் ஜெயமணி டீச்சர். உச்சரிப்பு சுத்தமாக இருக்கும் என்று ரேவதியைக் கூப்பிட்டார். ரேவதிக்குக் கூட்டத்தின் முன்னால் நிற்கவே பயம். அதனால் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு போனாள்.

யாரையும் அடிக்கக் கூடாது. பட்டப்பெயர் வைக்கக் கூடாது. சாதி, மதம், நிறம், உடம்பு, பேச்சு இவற்றை வைத்துக் கேலி செய்யக் கூடாது. செல்போனில் படம் எடுத்துப் பரப்பக் கூடாது. மிரட்டக் கூடாது. கூட்டுச் சேர்ந்து ஒருவரை ஒதுக்கக் கூடாது. நடப்பதைப் பார்த்தவர் யாரும் குழுவிடம் சொல்லலாம். சொன்னவர் பெயர் வெளியே வராது. கடைசியாக, சுவரில் எழுதியிருந்த உதவி எண்களையும் சொன்னாள். தாளைப் பார்க்கவே இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். ரேவதி அஸ்பியாவைத் தேடினாள். அஸ்பியாவின் கைகள் தட்டிக்கொண்டிருந்தன. தலை மட்டும் இசக்கியின் காதருகே சாய்ந்திருந்தது.

அன்று மதியம்தான் முதல்முறை நடந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வழக்கம்போல வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ரேவதி, மாதேஸ்வரி, இன்னும் சிலர். எல்லார் வீட்டிலும் தெலுங்கு. ஆனால் அப்போது தமிழில்தான் யூனிட் டெஸ்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அஸ்பியா இசக்கியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ரேவதி பாதி வாக்கியத்தில் தெலுங்குக்கு மாறினாள். திட்டமெல்லாம் இல்லை. வாய் தானாகப் போயிற்று. மாதேஸ்வரி தெலுங்கில் பதில் சொன்னாள். மற்றவர்களும் அப்படியே தொடர்ந்தார்கள். ஓசூரில் அது மூச்சு விடுகிற மாதிரி.

பேசியது ஒன்றுமில்லை. மாதேஸ்வரியின் அக்கா கல்யாணத்துக்கு எடுத்த புடவையைப் பற்றித்தான். ஆனால் இசக்கியின் கை டிபன் டப்பாவுக்குள் நின்றுவிட்டது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மற்றவர்கள் சிரித்தபோது அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. பிறகு தன் தாவணியைக் குனிந்து பார்த்துச் சரிசெய்துகொண்டாள்.

"பொடவ பத்திப் பேசுறாளுங்க" என்றாள் அஸ்பியா அவள் காதில்.

"ஓ" என்றாள் இசக்கி. நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் ரேவதி தெரிந்தே மாறினாள். வேகமாகவும் பேசினாள். பேச்சைக் கேட்டுக்கொண்டே இசக்கிக்கும் எடுத்துச் சொல்ல அஸ்பியாவால் முடியவில்லை. ஏதாவது ஒன்றைத்தான் செய்ய முடியும். ரேவதிக்கு அது பிடித்திருந்தது.

வீட்டில் படுத்துக்கொண்டு மனப்பாடமாக இருந்த விதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள், பரீட்சையில் விடைத்தாளைக் கொடுப்பதற்கு முன் பார்ப்பது போல. அடிக்கவில்லை. பேர் வைக்கவில்லை. அவளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஒதுக்கவும் இல்லை. அவள்தான் வட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாளே. எழுந்து போ என்று யாரும் சொல்லவில்லை. ஒரு விதியிலும் தான் சிக்கவில்லை என்று தெரிந்ததும் ரேவதிக்குத் தூக்கம் வந்தது.

சில நாட்களில் இசக்கி வகுப்பிலேயே சாப்பிடத் தொடங்கினாள். அஸ்பியாவும் எழுந்து அவளோடு போய்விட்டாள். ரேவதி எதிர்பார்த்தது இதுவல்ல. அப்புறம் ஒரு நாள் இசக்கி பஸ்ஸுக்கு வரவில்லை.

அன்று காலை மத்திகிரியில் அஸ்பியா தனியாக ஏறினாள். ரேவதி பையை எடுத்தாள். அஸ்பியா உட்கார்ந்தாள்.

"இசக்கி ஊருக்கே போறாளாம்" என்றாள். "சித்தி வீட்ல தங்கிப் படிக்கிறாளாம். அவங்க அப்பா டிசி வாங்குறதப் பத்திக் கேட்டுக்கினு இருக்காரு."

"ஏன், இன்னா ஆச்சு?"

அஸ்பியா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியாதாடி?"

ரேவதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வளைவில் அஸ்பியாவின் தோள் அவள் தோளில் வந்து பட்டது. போகட்டும், என்று நினைத்தாள். அவள் போனால் குடுவை மறுபடி அஸ்பியாவிடம் வந்துவிடும். பஸ் ஸ்டாண்டு வரும்வரை ரேவதி சந்தோஷமாக இருந்தாள்.

இரண்டாம் பீரியடில் ஜெயமணி டீச்சர் கூப்பிட்டனுப்பினார். விலங்கியல் லேபில், ஃபார்மலின் ஜாடிகள் இருந்த அலமாரியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இசக்கி அங்கே இருந்தாள், யூனிபார்ம் இல்லாமல் சுடிதாரில். டிசி விஷயமாக அவளைக் கூட்டிவந்திருந்த அம்மா வராந்தா பெஞ்சில் இருந்தார். மாதேஸ்வரியும் வந்து சேர்ந்தாள்.

"சாப்பிடுறப்ப இந்தப் பொண்ணு வந்தா நீங்க தெலுங்குல பேசுறீங்களாமே" என்றார் டீச்சர். "என்ன பேசுவீங்க?"

"சாப்பாடு பத்தி, டீச்சர்" என்றாள் ரேவதி.

"அவளப் பத்தி?"

"ஒண்ணும் இல்ல டீச்சர்."

மாதேஸ்வரிக்குப் பயம் கிடையாது. "டீச்சர், அது எங்க வீட்டுப் பாஷ. எங்க பாஷயில நாங்க பேசுனா தப்பா? அப்ப கன்னடத்துல பேசுறவங்க எல்லாரையும் கூப்புடுங்க. ஸ்கூல்ல பாதி இங்கதான் நிக்கும்."

டீச்சர் வேலூர்க்காரர், தெலுங்கு அரைகுறை. "பாஷ தப்புன்னு நான் சொல்லல. அஸ்பியாவக் கூப்பிடு. அவளுக்குத் தெரியும்ல."

அஸ்பியா வந்தாள். ரேவதியைப் பார்க்கவில்லை.

"இவங்க பேசுனது ஒனக்குப் புரியுமா?"

"எல்லாம் புரியும் டீச்சர். ரேவதிதான் எனக்குத் தெலுங்கு கத்துக்குடுத்தா."

"இசக்கியப் பத்தி ஏதாவது பேசுனாங்களா?"

"இல்ல டீச்சர். ஒரு வார்த்த கூடப் பேசல. மாதேஸ்வரி அக்கா பொடவ, தக்காளி சாதம், அவ்ளோதான்."

ரேவதிக்குக் கண் நிறைந்தது. அஸ்பியா தன் பக்கம்தான். கடைசியில் தன் பக்கம்தான் வருவாள் என்று தெரியும்.

"ஆனா டீச்சர்" என்றாள் அஸ்பியா, "இசக்கி வர்றதுக்கு முன்னாடி தமிழ்ல பேசிக்கினு இருப்பாங்க. அவ வந்து உக்காந்தா தெலுங்கு. அவ கை கழுவ எழுந்து போனா மறுபடி தமிழ். திரும்பி வந்தா தெலுங்கு. நான் எல்லா நாளும் பாத்தேன்."

மாதேஸ்வரி ரேவதியைப் பார்த்தாள். அவளுக்கே அது புதிதாக இருந்தது போல.

"இசக்கிதான் வந்து சொன்னாளா, டீச்சர்?" என்றாள் ரேவதி.

"யாரு சொன்னாங்கன்னு சொல்ல மாட்டேன். நீதான மைக்குல அத ஒப்பிச்ச."

"நான்தான் சொன்னேன்" என்றாள் அஸ்பியா. "இசக்கி வேண்டாம்னுதான் சொன்னா."

ரேவதி ஜாடிக்குள் இருந்த தவளையைப் பார்த்தாள். அதன் வயிறு வெளுத்து, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளால் வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.

"நீ ஒப்பிச்சியே, அதுல ஒதுக்குறதப் பத்தி ஒரு வரி வருமே. சொல்லு."

சொன்னாள். அசெம்ப்ளியில் சொன்ன அதே சுத்தமான உச்சரிப்பில், ஆனால் யாருக்கும் கேட்காத குரலில்.

டீச்சர் இசக்கியிடம் திரும்பினார். "ஒனக்கு என்ன வேணும்னு ஒன்னத்தான் கேக்கணும். இவங்க தெலுங்கு பேசக் கூடாதுன்னு நான் சொல்லட்டுமா?"

இசக்கி வேகமாக மறுத்துத் தலையாட்டினாள். "அது வேண்டாம் டீச்சர். அவங்க பேச்சு அது. நான் வாரதுக்கு முன்னாடி எதுல பேசிட்டு இருந்தாங்களோ, வந்த பொறவும் அதுலயே பேசட்டும். தெலுங்குன்னா தெலுங்காவே இருக்கட்டும். நான் வந்து உக்காந்ததும் மாத்த வேண்டாம். அவ்வளவுதான்." நிறுத்தி, இன்னும் மெதுவாகச் சொன்னாள். "மாத்துனா எம்மேல ஏதோ நாறுதோன்னு இருக்கு."

வராந்தாவில் அவள் அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

டீச்சர் மாதேஸ்வரியையும் ரேவதியையும் பார்த்தார். "இத நான் குழுவுல சொல்லிடுவேன். இன்னொரு தடவ நடந்தா ரெண்டு பேர் வீட்லருந்தும் வரணும். மாதேஸ்வரி, நீ தெரியாமப் பண்ணுன, சரி. ரேவதி, திங்கக்கிழம விதிய மறுபடி படிக்கணும். நீதான் படிக்கிற."

வெளியே வந்ததும் ரேவதி கேட்டாள். "நேரா என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி."

"பஸ்ல கேட்டனே" என்றாள் அஸ்பியா. "நீ ஜன்னலப் பாத்த."

இசக்கியின் அப்பா அந்த வாரம் டிசி வாங்கவில்லை. பார்க்கலாம் என்றாராம்.

மறுநாள் காலை பஸ்ஸில் ரேவதி வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையைப் பக்கத்தில் வைக்க வேண்டுமா என்று தெரியவில்லை. மத்திகிரி வரும் சமயம் வைத்தாள். அஸ்பியா ஏறினாள். பின்னால் இசக்கி. இரண்டு பேரும் நேராக அந்த சீட்டின் அருகே வந்து நின்றார்கள். இருந்தது ஒரு இடம்.

அஸ்பியா இசக்கியின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள். "ராவே, கூச்சோ."

இசக்கிக்கு அது புரிந்தது. எப்போதோ சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ரேவதிக்குக் காதோரம் சூடேறியது. அது அவள் வார்த்தை. இந்த பஸ்ஸில், இந்த சீட்டில், ஒருத்திக்காக வைத்திருந்தது.

இசக்கி உட்காரவில்லை. பையைப் பார்த்தாள், பிறகு ரேவதியைப் பார்த்தாள். "இங்கன இருக்கலாமா?"

கண்டக்டர் பின்னாலிருந்து, "உள்ள போங்கம்மா, வழிய மறிக்காதீங்க" என்றார்.

ரேவதி பையை மடியில் எடுத்துக்கொண்டாள். "உக்காரு" என்றாள் தமிழில். இசக்கி விளிம்பில் உட்கார்ந்தாள். அஸ்பியா கம்பியைப் பிடித்து நின்றபடி கெமிஸ்ட்ரி டீச்சர் நேற்று குடுவையை உடைத்த கதையைச் சொல்லத் தொடங்கினாள். இசக்கி சிரித்தாள், இந்த முறை தாமதம் இல்லாமல். கதை தமிழில் இருந்தது. ரேவதிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கதை முடியும்வரை அவள் கவனித்ததெல்லாம், அஸ்பியா அதை யார் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள் என்பதைத்தான்.