மேட்டு லயத்துக் கம்பிகள்

இன்றைக்கு அகன்றிருக்கக் கூடாது. அரைக்கால் அங்குலம்கூட. நேற்று எழுதிய எண்ணையே இன்றைக்கும் எழுதிவிட்டு நான் கீழே இறங்கிப் போய்விட வேண்டும், ஆண்டவரே, அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

பத்து மாதங்களாக ஒவ்வொரு காலையும் தொழிலாளர் வரிசை வீடுகளான மேட்டு லயத்தின் பின்னாலிருந்த சரிவில் ஏறும்போது இசபெல் இதைத்தான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே குந்தி உட்கார்ந்து, மண்ணில் அறைந்திருந்த இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவே இரண்டடிக் கோலை வைத்தாள். இரண்டுக்கும் இடையில் நிலம் வெடித்து நீளமாக ஓடியது. கம்பிகளை அறைந்த நாளில் இடைவெளி பதினான்கு அங்குலம். இப்போது பதினைந்தரையும் அரைக்காலும். நேற்றைவிட அரைக்கால் அங்குலம் கூடுதல்.

அவள் கொப்பியை விரித்து அதை எழுதினாள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு தை மாதத்தில் அபேகோன் என்ற நிலவியல் உத்தியோகத்தர் கொழும்பிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். கீழே ஆற்றை மறித்து ஓர் அணை கட்டும் யோசனை இருந்ததாம். அதற்காக டிக்கோயாவைச் சுற்றியிருந்த மலைகளில் பெய்யும் மழை எங்கே இறங்குகிறது, எவ்வளவு காலம் பாறைக்குள் தங்குகிறது, எந்த ஊற்றில் வெளியே வருகிறது என்று அவர் தோட்டம் தோட்டமாக நடந்து பார்த்தார். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் அளவு எடுக்க எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டபோது, தோட்டப் பாடசாலை ஆசிரியையான இசபெலை அவரிடம் காட்டினார்கள். மழைமானியைப் பார்க்க வேண்டும். லயத்துக்குத் தண்ணீர் கொட்டும் பீலியில் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை வைத்து அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறதென்று எண்ண வேண்டும். தண்ணீர் தெளிவா கலங்கலா என்று எழுத வேண்டும். வெடிப்பின் இரு கரையிலும் அறைந்த கம்பிகளின் இடைவெளியை அளக்க வேண்டும்.

அவர் தன் உள்ளங்கையை மற்றக் கையின் மேல் வைத்து மெல்ல நகர்த்திக் காட்டினார். அடியில் கெட்டிப்பாறை. மேலே உளுத்த பாறையும் மண்ணும். நடுவில் தண்ணீர் சேர்ந்தால் மேலே இருப்பது ஈரச் சவர்க்காரம்போல வழுக்கும். கீழே வரிசையாக இருந்த பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பராக்களை அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கொப்பியை அவள் கையில் கொடுத்தார்.

இசபெலுக்கு அந்த வேலை பிடித்துப்போனதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பாடசாலையில் ஒரே அறையில் ஐந்து வகுப்பு. எதைப் படிப்பிப்பது, எப்போது பிள்ளைகளைக் கொழுந்து பறிக்க விடுவது என்பதெல்லாம் தோட்டத்து ஆபீஸில் முடிவாகும். வீட்டில் கணவன் அலோசியஸ் முடிவு செய்வான். அவன் கெட்டவனல்ல, மெதுவாகத்தான் முடிவு செய்வான், ஆனாலும் அவன்தான் செய்வான். இந்தக் கொப்பியில் மட்டும் அவள் கண்ணால் கண்டதை அவளே எழுதினாள். சரிவின் மேல் நிற்கும்போது நாலு பக்கமும் மலை. பனி இறங்கினால் அந்த மலையும் இல்லை. அந்த வெள்ளைக்குள் நின்றுகொண்டு ஓர் எண்ணைச் சரியாக எழுதுவதில் அவளுக்கு மூச்சு விட்டதுபோல இருந்தது.

கம்பி அறைந்த இரண்டாம் வாரம் அவற்றின்மேல் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. பக்கத்துக் கல்லில் சூடம் எரிந்த கரி. இசபெல் திகைத்து நின்றாள். பிறகுதான் புரிந்தது. கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து இரண்டு கம்பியை நட்டு, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போகிறார். அன்றிலிருந்து படித்த டீச்சர் தினமும் வந்து அதன்முன் தலைகுனிந்து உட்காருகிறாள். தொழிற்சாலைச் சக்கரத்தையே ரோதைமுனி என்று கும்பிடுகிறவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? அந்த வாரமே அதற்குக் கம்பிமுனி என்று பெயரும் விழுந்துவிட்டது.

மூன்றாம் காம்பரா வேலாயிதான் இதில் முன்னுக்கு நின்றாள். ஆனால் சாமியை வைத்துக் கேலி பேசவும் அவளுக்குப் பயமில்லை.

"என்னங்க டீச்சரம்மா, சாமிக்குச் சட்டை தைக்கவா அளவெடுக்கிறீங்க? எத்தன மாசமா எடுக்கிறீங்க, ஒரு கை கூட வெட்டி முடியலியே."

ஆடி வெள்ளியன்று அவர்கள் ஒரு கம்பியிலிருந்து மற்றதற்கு மஞ்சள் கயிறு ஒன்றை இழுத்து விறைப்பாகக் கட்டினார்கள். மலை ஓடிப்போகாமல் கட்டி வைத்திருப்பதாக வேலாயி சிரித்துக்கொண்டே சொன்னாள். பத்து நாள் கழித்துக் கனத்த மழை. மறுநாள் கயிறு அறுந்து கிடந்தது. இடைவெளி முக்கால் அங்குலம் கூடியிருந்தது. வேலாயி அன்றைக்குச் சிரிக்கவில்லை. புதுக்கயிறு கட்டினார்கள். ஐப்பசி மழையில் அதுவும் அறுந்தது, மூன்றாவதாக ஒன்றைக் கட்டினார்கள்.

கொப்பியில் குறிப்பு எழுத ஒரு நிரல் இருந்தது. இசபெல் அதில் மழையை எழுதினாள், தண்ணீரின் நிறத்தை எழுதினாள். கயிற்றை எழுதவில்லை. அபேகோன் படித்துவிட்டுச் சிரிப்பார், 'உங்கள் ஆட்கள்' என்று சொல்வார் என்று கூசினாள். உடப்புசல்லாவையில் இதேபோன்ற ஒரு லயத்தில் பிறந்தவள் அவள். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள் முதல் அந்தக் காம்பராவை விட்டுத் தூரம் போய்க்கொண்டேயிருந்தாள். எவ்வளவு தூரம் போனாலும் யாராவது சிரித்தால் திரும்ப அந்த வாசலிலேயே நிற்பதுபோல இருந்தது.

அந்த அரைக்கால் அங்குலத்தை எழுதிய கார்த்திகை நாளில், மதியச் சாப்பாட்டுக்கு வந்த அலோசியஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தான். அவன் தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர். தாளைக் கொடுத்தனுப்பியவர் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் மரியரட்ணம். மறுநாள் அபேகோன் வந்து கொப்பியை வாங்கிப் பார்த்து, மேட்டு லயம் இருக்கலாமா கூடாதா என்று எழுதப்போகிறார். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையோ ஆறு மாதத்தில் சீமைக்குப் போகிறார், தோட்டம் கைமாறப் போகிறது. அதற்கு முன் லயத்தைக் காலிசெய்யச் சொல்லி அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் விலை பேசுகிறவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

தாளில் இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. லயத்து ஆட்கள் கம்பிகளுக்குக் கயிறு கட்டி வழிபட்டதால் கம்பிகள் அசைந்துவிட்டன, ஆகவே தான் எடுத்த அளவுகளை நம்ப முடியாது என்று இசபெல் தெரிவித்துக்கொள்கிறாள். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

அவள் இரண்டு தரம் படித்தாள்.

"பொய்யா எழுதச் சொல்லலியே," என்றான் அலோசியஸ். "கயிறு கட்டினாங்களா இல்லியா?"

"கட்டினாங்க."

"பின்ன என்ன?"

அவள் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அவன் சோற்றைப் பிசைந்தபடி, குரலை உயர்த்தாமல் மீதியைச் சொன்னான். இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட மனு ஒருமுறை திரும்பி வந்தாயிற்று. அடுத்த மாதம் நுவரெலியாவில் மறுபடி விசாரணை. இடைவிடாமல் இங்கேயே இருந்தோம் என்பதற்குத் தோட்டத்துக் கடிதம் வேண்டும். கடிதம் தயாராக மரியரட்ணத்தின் மேசையில் இருக்கிறது, துரையின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"அது இல்லேன்னா இங்கயும் ஆளில்ல, பாட்டன் விட்டு வந்த நாட்டுலயும் ஆளில்ல. நீயும் நானும் கெடக்கட்டும். நம்ம டோரீனுக்கு ஏழு வயசு."

இசபெல் மேசைக்கு அடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். வீடு தோட்டத்து வீடு. பாடசாலை தோட்டத்துப் பாடசாலை. மகள் டோரீனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர் மரியரட்ணம். எந்தக் கதவைத் திறந்தாலும் அதே ஆபீஸில்தான் போய் நிற்க வேண்டும். எல்லாவற்றையும்விட அவளை நெருக்கியது அந்தத் தாளில் இருந்த பாதி உண்மை. கயிற்றை மறைத்தவள் அவள்தான். மறைக்காமல் அன்றன்றே எழுதியிருந்தால் இன்று அதை இப்படி ஒருவர் கையில் எடுத்திருக்க முடியாது. ஒருவேளை கம்பிகள் அசைந்தே இருக்கலாமோ? பத்து மாதமும் நான் ஒரு சூடத்தையும் கயிற்றையுமா அளந்துகொண்டிருந்தேன்?

மறுநாள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கலைந்து பெண்கள் மலைக்குப் போகத் தொடங்கியபோது அவள் சரிவில் ஏறினாள். முதல்நாள் மாலை முழுக்க மழை. பீலியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டியது. தை மாதத்தில் முப்பது விநாடி பிடித்த தகரம் பதினொன்றில் நிரம்பி வழிந்தது. மேலே மூன்றாவது கயிறும் அறுந்து, இரண்டு முனைகளும் இரண்டு பக்கம் கிடந்தன. இடைவெளி பதினாறு அங்குலம்.

அவள் கொப்பியைக் கல்லில் வைத்துவிட்டு ஒரு கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். மூன்றடி ஆழத்துக்குச் சம்மட்டியால் அறைந்தது. அசையவில்லை. பலமெல்லாம் கூட்டித் தள்ளினாள். குதிகால் வழுக்கியதுதான் மிச்சம். பிறகு அறுந்த கயிற்றின் ஒரு முனையை, கம்பியில் கட்டியிருந்தபடியே, மற்றக் கம்பியை நோக்கி இழுத்துப் பார்த்தாள். இழுத்துக்கொண்டே கட்டு எந்தப் பக்கம் விறைக்கிறது என்று பார்த்தாள்.

கயிறு கம்பிகளை ஒன்றையொன்று நோக்கித்தான் இழுக்கும். நூறு பேர் சேர்ந்து கட்டினாலும் இடைவெளி குறையுமே தவிரக் கூடாது.

இவ்வளவு சின்ன விஷயம் நேற்று மதியம் தோன்றாமல் போனது அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயம் எதையும் பார்க்க விடவில்லை. இப்போதும் பயம் போகவில்லை. ஆனால் அதன் நடுவே இந்த ஒன்று கெட்டியாக இருந்தது, கைக்குத் தட்டுப்பட்டது.

கூடையோடு மலைக்குப் போக வந்த வேலாயி கயிற்றைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"மூணாவது தரம். கொழும்பு ஐயா இன்னைக்கு வர்றாராமே. சாமியப் பிடுங்கிட்டுப் போயிருவாருங்களா?"

"உங்கள லயத்தைவிட்டுப் போகச் சொன்னா என்ன செய்வீங்க வேலாயி?"

"எங்கங்க போறது? கீழ் லயத்துல ஒரு காம்பராவுல ரெண்டு குடும்பம் இருக்கு." அவள் கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்தாள். "ராத்திரி செவத்துக்குள்ள சத்தம் கேக்குது டீச்சரம்மா. எலின்னு சொல்லித்தான் புள்ளைகளத் தூங்க வைக்கிறேன். எலி இல்லீங்க."

வேலாயி போன பிறகு இசபெல் கல்லில் உட்கார்ந்து குறிப்பு நிரலில் எழுதத் தொடங்கினாள். கயிறு கட்டிய மூன்று நாட்கள். அறுந்த மூன்று நாட்கள். சூடம், மஞ்சள், கம்பிமுனி என்ற பெயர். தான் இதையெல்லாம் இதுவரை எழுதாமல் விட்டதையும் எழுதினாள். சிரிக்கிறவர் சிரிக்கட்டும். கடைசியாக, கயிறு எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை ஒரு வரியில் எழுதிக் கோடு போட்டாள். விரல்கள் குளிரில் விறைத்துப்போயிருந்தன.

பத்து மணிக்கு ஆபீஸுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. மரியரட்ணம் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் எப்போதும் மரியாதையான மனிதர். அலோசியஸ் கதவோரம் நின்றிருந்தான், உட்காரவில்லை. மேசையில் அலோசியஸ் திரும்பக் கொண்டுவந்திருந்த நேற்றைய தாள், அதன்மேல் மூடி கழற்றிய பேனா. இந்தப் பக்கம், அவள் பார்க்கும்படியாக, தோட்டத்தின் பெயர் அச்சிட்ட கடிதம்.

மரியரட்ணம் டோரீன் கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாளுக்கு என்ன சட்டை தைப்பதாக உத்தேசம் என்று கேட்டார். மழையைப் பற்றிச் சொன்னார். அபேகோன் பதினொரு மணிக்கெல்லாம் வந்துவிடுவார் என்றார். பிறகு தாளை ஒரு விரலால் அவள் பக்கம் நகர்த்தினார்.

"கயிறு இழுத்தா கம்பி கிட்டத்துல வரும்ங்க," என்றாள் இசபெல். "தள்ளிப் போகாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது எனக்குத் தெரியாதுங்களா, டீச்சர்? தெரிஞ்சுதான் கேக்கிறேன். வர்றவருக்குத் தோணாது. அவருக்கு ஒரு காரணம் போதும்."

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. சோர்ந்துபோய்ச் சொன்னார். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவருடைய வீடும் தோட்டத்து வீடு என்று அவள் அந்தக் கணத்தில் நினைத்தாள். நினைத்தது அவளுக்கு உதவவில்லை. அறையில் இன்னும் ஒரு ஆள் அடைபட்டுக் கிடக்கிறார் என்பதுதான் அதன் பொருள்.

அவள் கடிதத்தைப் பார்த்தாள். அதில் டோரீனின் பெயர் சரியான எழுத்துகளில் இருந்தது. பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை. கதவோரத்தில் அலோசியஸ் ஒரு காலை மாற்றி நின்றது கேட்டது. இன்று மாலை அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், நாளைக்கும் பார்க்க வேண்டும், நுவரெலியாவுக்கு வெறுங்கையோடு பஸ் ஏறும் நாளிலும் பார்க்க வேண்டும். அவன் மன்னிக்காமல் போகலாம். டோரீன் வளர்ந்து ஒருநாள் கேட்கலாம். இதற்கெல்லாம் அவளிடம் ஒரு சமாதானமும் இல்லை.

அவள் பேனாவை எடுத்தாள். மூடியைத் தேடி எடுத்துப் பொருத்தித் திருகி, தாளின்மேல் திரும்ப வைத்தாள்.

"நான் இதுல கையெழுத்து வைக்கலீங்க."

அவளுக்கே கேட்காத குரல். மரியரட்ணம் அலோசியஸைப் பார்த்தார். அலோசியஸ் தரையைப் பார்த்தான். வெளியே தூரத்து வளைவில் ஜீப் கியர் மாற்றும் சத்தம் வந்தது.

"சரி," என்றார் மரியரட்ணம். "கையெழுத்து வேணாம். கொப்பிய மட்டும் குடுங்க. அவர் வந்ததும் நானே கையில குடுத்துர்றேன். நீங்க பாடசாலைக்குப் போங்க, புள்ளைக காத்துக்கிட்டு இருக்கும்."

நீட்டிய கை மேசையின் மேல் அப்படியே இருந்தது. இசபெல் எழுந்திருக்கவில்லை. மடியில் கிடந்த கொப்பியின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

"என்கிட்டயே இருக்கட்டுங்க," என்றாள்.