காஜா பெராங் கண்ணாடிப் பந்தி

என் வீட்டுக்காரர் கலியாணசுந்தரம் மராமத்து இலாகாவில் படம் வரைகிறவர். சாக்கடைக்கும் மதகுக்கும் வரைந்து வரைந்து சலித்துப்போன மனுஷனிடம் சங்கத் தலைவர் ராஜரத்தினம் வந்து, "சுதந்திரம் வரப்போவுது, நம்ம காஜா பெராங் வட்டாரத்துக்கு எல்லாரும் கூடிச் சாப்பிட ஒரு மண்டபம் வேணும்லா" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், இவருக்குத் தலைகால் புரியவில்லை. நாலு பக்கமும் கண்ணாடி, மேலே தகரம் என்று வரைந்து தள்ளினார்.

"சுதந்திர நாட்டுல மறைக்கிறதுக்கு என்னடி இருக்கு, சிவகாமி?" என்று என்னிடமே கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். சங்கத்து விருந்து என்றால் ரசம் வைப்பது நான்தான். ஆனால் ஒரு விருந்திலாவது சூடாக ஒரு வாய் சாப்பிட்டிருப்பேனா? ஆண்கள் பந்தி, பிள்ளைகள் பந்தி, மறுபடியும் ஆண்கள் பந்தி. கடைசியில் அடுப்பங்கரையில் எங்களுக்கு ஆறின சோறும் அடிமண்டியும்.

"முதல் பந்தியில எங்களையும் உக்கார வைங்க. அதையும் சேர்த்து வரைங்க."

"அதெல்லாம் பிளான்ல வராதுடி" என்றார்.

ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடைகளுக்குக் கண்ணாடி போடும் அப்துல் கய்யூம் பாய்தான் கண்ணாடி கொடுத்தார். ஈ நுழையக் கூடாதென்று ஜன்னலே கிடையாது. பாதிச் சாப்பாட்டில் யாரும் தள்ளிக்கொண்டு வரக் கூடாதென்று ஒரே கதவு, அதற்குத் தாழ்ப்பாளும் உள்பக்கம். பாய் என்னிடம், "தங்கச்சி, இது மண்டபமா, மீன் தொட்டியா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

சுதந்திர விருந்தன்று ஆண்களின் முதல் பந்தி உட்கார்ந்தது. இலையில் சோறு விழுந்ததும் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த பந்திக்காரர்கள் நாலு புறமும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அலாமாக்! இத்தனை கண்ணு பட்டா வயிறு என்னத்துக்கு ஆவும்?" என்று கையை உதறிக்கொண்டு எழுந்தார். பந்தியே எழுந்து வெளியே வந்துவிட்டது. திருஷ்டி கழிக்கப் பூசணிக்காய் தேடி இரண்டு பேர் பாசாருக்கு ஓடி, வெறுங்கையோடு திரும்பினார்கள்.

தலைவர் நெற்றியைத் தேய்த்து யோசித்தார். "பொம்பளைங்களை உள்ள உக்கார வைப்போம். ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டு எழுந்து வரட்டும். கண்ணெல்லாம் அவங்க மேல போயிடும். அப்புறம் நாம நிம்மதியா சாப்பிடலாம்லா."

என் வீட்டுக்காரர் சரியென்று தலையை ஆட்டினார், பாவி மனுஷன்!

பூசணிக்காய்க்குப் பதிலாகப் பதினாறு பெண்கள் உள்ளே போனோம். புது இலை போட்டோம். அண்டா குண்டானெல்லாம் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது. கடைசியாக வந்த பக்கத்து வீட்டு மல்லிகாவிடம், "தாழ்ப்பாளைப் போடுடி" என்றேன். போட்டாள்.

சோற்றில் ஆவி பறந்தது, நெய் ஊற்றியதும் உருகி ஓடியது. ஒரு வாய் ஆனதும் வெளியே எல்லோரும் எழுந்திரு, எழுந்திரு என்று கையை ஆட்டினார்கள். நாங்கள் சாம்பாருக்குப் போனோம். தலைவர் கண்ணாடியை ஓங்கிக் குத்தப் போக, கய்யூம் பாய் பதறி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் எனக்கு நேராக வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடினார். ஒரு சொல்லும் காதில் விழவில்லை. உள்ளே புழுக்கம் உயிரை வாங்கியது, வேர்வை இலையில் சொட்டியது. ஆனாலும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

மல்லிகா ரசம் ஊற்றினாள். நாக்கைச் சுட்டது. மிளகும் பூண்டும் தொண்டையில் இறங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கையால் வைத்த ரசம் சூட்டோடு இப்படியா இருக்கும்? பதினெட்டு வருஷமாக அத்தனை பேர் குடித்திருக்கிறார்கள், நன்றாக இருக்கிறதென்று ஒருத்தர் என்னிடம் சொன்னதில்லை.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து" என்றேன்.