இரண்டாவது சுற்று

பல் டாக்டர் ஏழு வருஷமாகக் கார் ஷெட்டில் கட்டிய ஒற்றை இருக்கை விமானம் அன்று காலை முதன்முதலாகப் பறக்க இருந்தது. இறக்கைத் துணியைத் தைத்துக் கொடுத்தவள் அவர் மனைவி. தன் தையல் பிரிந்துவிடுமோ என்று அவளுக்கு உள்ளூர உதறல், வெளியில் கேலிதான்.

"மேல போய் மேகத்தைப் பாத்து, 'வாயைத் திற'ன்னு சொல்லாதீங்க" என்று அனுப்பிவைத்தாள்.

விமானம் தடதடவென்று ஓடி, அரை மனதோடு எழும்பியது. மைதானத்தை ஒருமுறை சுற்றிவிட்டு, இரண்டு துள்ளலோடு தரையில் இறங்கியது. டாக்டர் வியர்வையில் குளித்திருந்தார்.

"நம்ம வீடு தெரிஞ்சுதா?"

"பாக்கல. ஆயில் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்ல."

"ஆத்தங்கரையாவது தெரிஞ்சுதா?"

"அதுவும் இல்ல."

"மீட்டர் பாக்கத்தான் ஏழு வருஷமா காரை மழையில நிறுத்தினீங்களா? அதை ஷெட்லயே பாத்திருக்கலாமே."

அவர் அசடு வழிந்தார். அவள் இறக்கையைத் தடவிப் பார்த்தாள். ஒரு நூல்கூட நகரவில்லை.

"போங்க, இன்னொரு சுத்து போய் ஒழுங்கா வேடிக்கை பாத்துட்டு வாங்க."

இந்த முறை அவர் தாழப் பறந்து கையசைத்தார். வீடு திரும்பும் வழியெல்லாம், பக்கத்து மாடியில் காய்ந்த போர்வையின் நிறம் வரை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் "அப்புறம்?" என்றாள்.