தொடையில் வைத்த தகடு

மலை சரிந்த மூன்றாம் நாள் பீப் அண்ணனை அழைத்து வந்தார்கள். கடற்கரையில் உலோகம் தேடும் கருவியை ஆட்டி, குளிக்க வந்தவர்கள் தொலைத்த மோதிரங்களை எடுத்துக் கொடுப்பது அவர் பிழைப்பு. கருவி போடும் சத்தமே அவருக்குப் பெயராகிவிட்டது.

வரவழைத்தவள் ஒரு தையற்காரி. அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். காலை ஷிப்ட் முடிந்து வந்து தூங்கியவர், வீட்டோடு மண்ணுக்குள் போயிருந்தார்.

"போலீஸ் நாய் மோந்து பாத்துட்டுப் போயிடுச்சுண்ணே. இந்தச் சேத்துல அதுக்கு வாசனை பிடிபடலையாம். ஆனா இவருக்குத் தொடையில தகடு வெச்சிருக்கு. கால் ஒடிஞ்சப்போ வெச்சது. உங்க மிஷினுக்குக் கேக்குமில்ல?"

"சாண் நீள இரும்பும்மா. கேக்காம எங்க போகும்?" என்றார் அவர், சட்டென்று.

ஒன்றரை அடிக்குக் கீழே அந்தக் கருவிக்குக் காது கேட்காது. அதனால் ஜேசிபி ஒரு அடி சுரண்ட வேண்டும், அவர் தேட வேண்டும், மறுபடி சுரண்ட வேண்டும். ஆனால் இடிந்த வீட்டு மண்ணில் எங்கே பார்த்தாலும் ஆணி, கம்பி, மாத்திரை அட்டை. அடிக்கு அடி கருவி அலறியது. பத்து இடம் தோண்டினால் பத்தும் குப்பை.

ஒவ்வொரு உலோகமும் கருவிக்கு ஒவ்வொரு எண்ணில் பதில் சொல்லும். ஆணிக்கும் மாத்திரை அட்டைக்கும் கீழ் எண்கள். செம்புக்கும் வெள்ளிக்கும் மேல் எண்கள். மண்வெட்டி மாதிரிப் பெரிய இரும்பு மட்டும் மேலே ஏறிக் கத்தும். தகடும் அப்படித்தான் கத்தும் என்று அவராகவே முடிவுகட்டி, கீழ் எண்களை மொத்தமாக ஊமையாக்கினார். கருவி அடங்கியது. வேலை மளமளவென்று ஓடியது.

"ஒண்ணுமில்ல, அள்ளுப்பா" என்று அன்று எத்தனை தடவை சொன்னாரோ, அவருக்கே நினைவில்லை. சேறும் கட்டியுமாய் அள்ளிய மண்ணை யாரும் கிளறிப் பார்க்கவில்லை; லாரிகள் அப்படியே ஆற்றோரப் பள்ளத்தில் கொட்டின. சாயங்காலம் வீட்டின் தரை தெரிந்தது. ஆள் இல்லை.

தையற்காரி அந்தத் தரையைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். அதுதான் அவரை அரித்தது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் எலும்பு டாக்டரிடம் அதே மாதிரித் தகடு ஒன்றை இரவல் கேட்டார்.

"இது காந்தத்துல ஒட்டாத எஃகு, தெரியுமில்ல?" என்றார் டாக்டர்.

தெரியாது. வாசலிலேயே தகட்டைத் தரையில் போட்டுக் கருவியை நீட்டினார். மூச்சே இல்லை. ஊமையாக்கிய எண்களைத் திறந்துவிட்டு மறுபடி நீட்டினார். மாத்திரை அட்டையின் எண்ணுக்குப் பக்கத்திலேயே, மெல்லிய குரலில் கத்தியது. பெரிய இரும்பு மாதிரி மேலே ஏறவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் ஆற்றோரப் பள்ளத்துக்குப் போனார். எதையும் ஊமையாக்கவில்லை. கத்திய இடமெல்லாம் கையால் தோண்டினார். ஸ்பூன், குழாய், தகரம், மறுபடி தகரம். மத்தியானத்துக்கு மேல் ஒரு குவியலின் ஓரத்தில் அந்த மெல்லிய குரல் கேட்டது. இரண்டு சாண் தோண்டியதும் காக்கித் துணி தென்பட்டது. ஜேசிபியின் பல் பட்டு உடம்பு கிழிந்திருந்தது.

தையற்காரி வந்து முகத்தைத் துடைத்துப் பார்த்து, அவர்தான் என்று தலையசைத்தாள். பீப் அண்ணன் மறைக்கவில்லை.

"நேத்து நான் இவரைத் தாண்டிப் போயிருக்கேம்மா. குப்பைன்னு நெனச்சு மிஷின் வாயை அடைச்சுட்டேன். என் தப்புதான்."

அவள் கிழிந்த காக்கித் துணியை இழுத்துச் சேர்த்துப் பிடித்தாள்.

"நேத்துக் கெடச்சிருந்தாலும் உசுரோட வந்திருக்க மாட்டாரு. அது எனக்குத் தெரியும். ஆனா முழுசா வந்திருப்பாரேண்ணே."

ஸ்ட்ரெச்சரைத் தூக்க ஆள் குறைந்தது. அவர் ஒரு முனையைப் பிடிக்கப் போனார்.

"நீங்க வேண்டாம்" என்றாள். கோபம் இல்லாத குரல்.

அவள் தம்பி வந்து அந்த முனையைப் பிடித்தான். மேட்டில் ஏறி ஆம்புலன்ஸ் வண்டி மறையும்வரை பீப் அண்ணன் கைச்சேற்றைக்கூடக் கழுவாமல் நின்றார். பிறகு வேறொரு வீட்டு மண்ணோடு அடுத்த லாரி வந்தது. ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்.