தவறணை வேலை

"பத்து வருசமா தவறணையிலதாங்க" என்று விஜிதரன் சொன்னதும் டொக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

அக்கரப்பத்தனைத் தோட்டத்திலிருந்து அவனும் மனைவி பூரணியும் முதல் பஸ் பிடித்துக் கண்டிக்கு வந்திருந்தார்கள். கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. லயத்து வீடுகளில் எல்லாரும் குறையைப் பூரணியின் தலையில் கட்டியிருந்தார்கள். புருஷனுடைய விந்தில் உயிரணுவே இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. "இந்த டொக்டரும் கைய விரிச்சா நீ வேற கல்யாணம் பண்ணிக்க புள்ள" என்று அவன்தான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

டொக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. "ஒவ்வொரு நாளுமோ?"

"ஞாயித்துக்கெழம லீவுங்க."

"காலமை எத்தினை மணிக்குத் தொடங்குவியள்?"

"ஆறரைக்குங்க."

டொக்டர் பூரணியிடம் திரும்பினார். "நீங்கள் ஒண்டும் சொல்லுறேல்லையோ?"

"நான் என்னாங்க சொல்ல? நானும் ரெண்டு வருசம் அங்கதான இருந்தேன். பொம்பளைங்கதான் நெறைய."

ஹட்டன் பக்கத்துத் தாதி நிஷாந்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "டொக்டர், எங்க பக்கம் தவறணைன்னா தேயிலக் கன்னு வளக்குற எடம். கள்ளுக்கடை இல்ல!"

"ஐயோ, உங்களைப் பெருங்குடிகாரன் எண்டெல்லோ நினைச்சுப்போட்டன்!"

விஜிதரனும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று என்று பூரணி நினைத்துக்கொண்டாள்.

"வெளியில வராட்டியும் உள்ளுக்க இருக்கலாம்" என்றார் டொக்டர். "விதைப்பையில ஊசி போட்டு எடுத்துப் பாப்பம். ஒரு முட்டைக்கு உயிரோட ஒண்டு போதும், நாங்களே உள்ளுக்க வைச்சுவிடுவம். கட்டாயம் சரிவரும் எண்டு சொல்லமாட்டன்."

"தவறணையில நாங்களும் ஒரு எல, ஒரு கணுதாங்க வெட்டி வைப்போம்" என்றான் விஜிதரன் மெதுவாக. "வச்சதெல்லாம் வேர் புடிக்காது. அதுக்காக வைக்காம இருக்க முடியுங்களா?"

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டான்.

திரும்பும்போது ஹட்டனில் பஸ் மாறினார்கள். ஏறிய பஸ்ஸில் அடுத்த லயத்து மீனம்மா மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். "என்ன பூரணி, ஒனக்கு என்னா கொறையாம்?"

"அவளுக்கு ஒன்னும் இல்லக்கா" என்றான் விஜிதரன், பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி. "வைத்தியம் எனக்குத்தான். அடுத்த மாசம் ஊசி."

மீனம்மா அவனைப் பார்த்தாள். பூரணியையும் பார்த்தாள். பிறகு பையைக் காலடியில் இறக்கிவைத்து, சன்னல் பக்கமாக நகர்ந்துகொண்டாள்.

"இப்புடி வந்து உக்காரு புள்ள."