இடது வால்வு

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஞானசுந்தரத்தின் சிடி பிளேயரில் இடது வால்வு காலமானது. பத்தரைக்கெல்லாம் வால்வு இலாகாவிலிருந்து இறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது. இந்தச் சுறுசுறுப்பை மனிதர்களுக்கு யார் காட்டினார்கள்?

அந்தப் பிளேயரில் சத்தம் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் முன் பழைய ரேடியோவில் எரிவதுபோன்ற இரண்டு கண்ணாடி வால்வுகளைக் கடக்கும். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இருபது நிமிடம் சூடேறினால்தான் குரலுக்கு உயிர் வரும்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு சிடி. அதில் பாட்டில்லை. மைக்கைச் சோதிக்க அவர் மனைவி தில்லைநாயகி பேசிய ஒரு வரி மட்டும்: "என்னங்க, காபி ஆறுது." மாசியில் தில்லைநாயகி போய்ச் சேர்ந்ததிலிருந்து, அதைக் கேட்டால்தான் ஞானசுந்தரத்துக்குக் காபி இறங்கும். இன்று பாதிக் குரல்தான் வந்தது. காபியும் பாதிதான் இறங்கியது.

இலாகாவுக்குப் போனார். நடைவழி காலையில் சின்னதாகத்தான் இருந்ததாம். மனு கொடுக்க ஆள் வரவர நீண்டுவிட்டது என்றார் காவலாளி. கடைசி அறையை எட்டுவதற்குள் ஞானசுந்தரத்துக்கு இரண்டு நாள் தாடி முளைத்திருந்தது.

அங்கே ஓர் அம்மாள் பேரேட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"எது போச்சு?"

"இடதுங்க."

"வலதையும் கொண்டாங்க. ஜோடியாத்தான் மாத்துவோம்."

"அது நல்லாத்தாம்மா எரியுது."

"எரியும். புதுசோட ஒத்துப்போகாது."

"ரெண்டும் புதுசா இருந்தா, அவ குரல் அதுங்களுக்குத் தெரியாதேம்மா."

அம்மாள் பக்கம் புரட்டினார். "உங்க ஜோடி எப்ப போச்சு?"

"மாசியில."

"அப்ப நீங்க ஏன் இன்னும் எரியறீங்க?"

இதை ஞானசுந்தரத்திடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவரே கேட்டுக்கொண்டதுண்டு.

அம்மாள் எட்டி அவர் மணிக்கட்டைத் தொட்டுவிட்டு விரலை உதறினார். "சூடு போதும். இடதுக்கு நீங்களே போயிடுங்க." நெற்றியில் 'இடது' என்று முத்திரை விழுந்தது. "வெறுங்கையால தொடாதீங்க. துணியால பிடிச்சு மாட்டணும்."

வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல் காபி போட்டு மேசையில் வைத்தார். பிளேயரை முடுக்கிவிட்டு, செத்த வால்வைக் கழற்றி வைத்து, துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டு, இடது குழியில் இறங்கினார். வலது வால்வு சற்று ஒதுங்கி இடம் கொடுத்தது.

முதலில் கால் மரத்தது. பிறகு மெல்லச் சூடேறியது. இருபதாவது நிமிடம் தில்லைநாயகி அவருக்குள்ளே நுழைந்து, முழுசாக, வெளியே போனாள்.

"என்னங்க, காபி ஆறுது."

ஆறிக்கொண்டுதான் இருந்தது. எட்டிப் பார்த்தால் டம்ளர் தெரிந்தது. எழுந்து போனால் குரல் பாதியாகிவிடும்.

அவர் எழுந்திருக்கவில்லை.