முதுகில்லாத கோட்

ஜசிந்தனுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது செவ்வாய்க்கிழமை பின்னேரம். பரீட்சையோ புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு, மட்டக்களப்புக் கிளையில். கடிதம் எந்தத் தபால் கந்தோரில் எத்தனை நாள் படுத்திருந்ததென்று யாரைக் கேட்பது? கொழும்பில் தலைமைக் கந்தோர் வைத்திருக்கும் அந்தப் பழைய காப்புறுதிக் கொம்பனி, எழுதுவினைஞருக்கு என்ன சம்பளம் என்று ஒரு வரி எழுதவில்லை. எப்படி உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்று மட்டும் ஐந்து வரி எழுதியிருந்தது. வெள்ளை நீளக்கைச் சட்டை, கறுத்தக் கோட், கறுத்தச் சப்பாத்து, கழுத்தில் டை. இந்த ஒழுங்கில் வராதவர்கள் உள்ளே எடுக்கப்படமாட்டார்கள் என்று சொல்லி, அதற்குக் கீழே கோடும் இழுத்திருந்தது.

மட்டக்களப்பு வெயிலில் கோட் போடச் சொல்கிறவன் ஒன்றில் மட்டக்களப்பைக் கண்டிராதவன், இல்லையென்றால் ஆளைக் கொல்லவே முடிவெடுத்தவன். ஆனால் அதைச் சொல்லும் நிலையில் ஜசிந்தன் இல்லை. வயது இருபத்தெட்டு. டிப்ளோமா முடித்து நாலு வருடம். இதுவரை ஐந்து நேர்முகப் பரீட்சை, ஐந்திலும் 'அறிவிப்போம்' என்ற ஒரே பதில். இதுவும் கைவிட்டால் அவனுடைய அம்மா எமிலி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவாள். மெடிக்கல் முடிந்துவிட்டது. வருகிறேனா இல்லையா என்று வெள்ளிக்கிழமை ஏஜென்சிக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஐம்பதை நெருங்கும் வயதில், முழங்கால் நோவையும் மறைத்துக்கொண்டு, அம்மா யாருடையோ மாடிப்படியைத் துடைக்கப் போவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே கோட் வேண்டும். அவனுடைய ஊரான தேற்றாத்தீவு முழுவதிலும் கோட் வைத்திருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் கனடாவுக்குப் போகும்போது அதைப் போட்டுக்கொண்டே போய்விட்டார். இரண்டாமவருடைய கோட்டைக் கறையான் போட்டுப் பார்த்திருந்தது. மூன்றாமவர் பள்ளிக்கூட அதிபர்; அவருடைய கோட்டுக்குள் ஜசிந்தன் மாதிரி இரண்டு பேர் நிற்கலாம். வாடகைக் கடையில் கேட்டால் கல்யாண மாதமாம், மாதுளை நிற வெல்வெட்டில் நெஞ்செல்லாம் பொன் வேலை செய்த ஒன்றுதான் மிச்சமாம். அதைப் போட்டுக்கொண்டு போனால் பெண் கிடைக்கலாம், வேலை கிடைக்காது.

"என்னட்ட ஏழு கோட் கிடக்கு. எல்லாம் புத்தம் புதுசு" என்றார் மத்தேயு மாமா.

மத்தேயு எமிலியின் தம்பி. செத்தவர்களை உடுத்திப் பெட்டியில் வைத்து அனுப்பும் மலர்ச்சாலை நடத்துகிறவர். எங்கள் பக்கத்தில் கிறிஸ்து வேதக்காரர் ஒருவர் கண்ணை மூடினால் கோட்டும் டையும் இல்லாமல் பெட்டிக்குள் வைப்பதில்லை. வாழ்நாளெல்லாம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாவியில் வலை வீசியவரும் கடைசிப் பயணத்தில் துரை மாதிரித்தான் படுத்திருப்பார். ஆனால் விறைத்துப்போன கைக்குக் கோட் மாட்டிவிடுவது லேசான காரியமில்லை. அதனால் மத்தேயு தைப்பிக்கிற கோட்டுகளுக்கு முதுகு கிடையாது. முன்பக்கம் முழுக் கோட், இரண்டு கை, உள்ளே வெள்ளைச் சட்டையின் நெஞ்சுத் துண்டு, கொலர், டை, எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தது. முன்னால் வைத்துக் கையை நுழைத்து, பின்னால் நாலு நாடாவைக் கட்டினால் வேலை முடிந்தது.

"மாமா, இதுக்கு முதுகு?"

"முதுகு உனக்கு என்னத்துக்கு? நேர்முகப் பரீட்சை. பேரிலயே முகம்தான் இரிக்கு, முதுகு எங்க இரிக்கு? போய்க் கதிரையில இரி, கேக்கிறதுக்குப் பதில் செல்லு, எழும்பி வா. ஆனா கிறுகாத. என்ன நடந்தாலும் முதுகைக் காட்டிக் கிறுகாத. இருவது வருசமா இந்தக் கோட்டைப் போட்டு ஆக்களை அனுப்பிறன், ஒருத்தர் வந்து குறை சொன்னதா?"

எமிலி சிலுவை போட்டுக்கொண்டாள். "உயிரோட இரிக்கிற புள்ளைக்கு இதைக் கொண்டு வாறியேடா" என்று தம்பியை ஒரு பாட்டம் ஏசினாள். ஏசிக்கொண்டே அதை வாங்கி ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கியும் வைத்தாள்.

உள்ளுக்குத் தன் சட்டையைப் போட்டுப் பார்த்தான் ஜசிந்தன். இரண்டு கொலரும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, கூகைக்கட்டு வந்தவன் கழுத்துப்போல வீங்கி நின்றது. கடைசியில் பெனியனுக்கு மேலேயே கட்டிக்கொண்டான். முன்னால் பார்த்தால் வங்கி மனேஜர். பின்னால் பார்த்தால் நாலு நாடா, ஒரு பெனியன், பெனியனில் மூன்று ஓட்டை.

புதன்கிழமை காலை மாமாவின் வானில்தான் போனான். பஸ்ஸில் முதுகை எங்கே வைப்பது? வானின் இரண்டு பக்கமும் 'மலர்ச்சாலை' என்று கொட்டை எழுத்து. வழியெல்லாம் சைக்கிள்காரர் இறங்கி ஒதுங்கினார்கள். நாவற்குடாவில் ஒரு வயோதிபர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வானுக்குள் எட்டிப் பார்த்தார். முன் சீட்டில் கோட்டும் டையுமாக விறைத்துப்போய் உட்கார்ந்திருந்த ஜசிந்தனைக் கண்டு இரண்டடி பின்னுக்குப் போனார். கல்லடிப் பாலத்தில் லொறிக்காரன்கூட வழி விட்டான். சொன்ன நேரத்துக்கு அரை மணி முந்தியே போய்ச் சேர்ந்தார்கள்.

சான்றிதழ்க் கோவையை இரண்டு கையாலும் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டிப் படியேறினான். மற்றவர்கள் கதிரைகளில் இருந்தார்கள். இவன் மட்டும் தூணில் சாய்ந்து நின்றான். கடைசி ஆளாக அவன் பெயரைக் கூப்பிட்டதும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து உள்ளே போய், கதவை முதுகாலேயே தள்ளிச் சாத்தினான். அவ்வளவும் நன்றாகத்தான் நடந்தது.

உள்ளே இரண்டு பேர். நடுவில் கிளை முகாமையாளர் உசனார், ஏறாவூர் முஸ்லிம், கோட்டும் டையும் போட்ட கனத்த மனிதர். பக்கத்தில் பிரதான கணக்காளர் சீதேவிப்பிள்ளை, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஆளைப் பார்க்கிற அம்மா. ஜசிந்தன் கதிரையில் இருந்து முதுகைச் சாய்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது.

"கோவையைத் தாங்க தம்பி" என்றார் உசனார்.

கேடயம் கையை விட்டுப் போயிற்று. இனிக் கதிரைதான் துணை.

சீதேவிப்பிள்ளை கேள்வி கேட்டார். காசோலை திரும்பினால் முதலில் என்ன செய்வாய், கோபத்தோடு வரும் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவாய், ஒரு கூட்டலில் பிழை இருக்கிறது, எங்கே? ஜசிந்தன் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னான். முதுகைப் பற்றிய பயத்தில் மற்றப் பயமெல்லாம் எங்கோ ஓடிவிட்டிருந்தது. ஐந்து பரீட்சையிலும் நடுங்கிய குரல் இன்றைக்கு நடுங்கவில்லை. கூட்டல் பிழையை அவன் ஒரு நிமிடத்துக்குள் பிடித்ததும் சீதேவிப்பிள்ளை தாளில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அப்போது கரண்ட் போயிற்று.

ஏசி ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. ஜெனரேட்டர் போன மாதமே பழுதாம். பத்து நிமிடத்துக்குள் அறை பாண் சுடும் போறணை ஆகிவிட்டது. உசனாருடைய நெற்றியில் இருந்து வழிந்த வியர்வை தாடியில் இறங்கி, டையில் சொட்டியது. பியூன் வந்து வாவிப் பக்கத்து யன்னலைத் திறந்தான். அந்த யன்னல் ஜசிந்தனுக்கு நேர் பின்னால் இருந்தது. கதிரையின் முதுகோ பிரம்பால் பின்னியது. வாவிக் காற்று பிரம்புக்குள்ளால் புகுந்து, பெனியனின் மூன்று ஓட்டைக்குள்ளாலும் புகுந்து, அவனைத் தடவிக் கொடுத்தது. அப்படிச் சுகமாக அவன் தன் வீட்டிலும் இருந்ததில்லை.

"வெக்கை தாங்க ஏலா" என்று உசனார் தன் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். உள்ளே சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது. "நீங்களும் கழட்டுங்க தம்பி. பரவால்ல."

"வேணாம் சேர். எனக்குப் பழக்கம்."

உசனார் அவனை உற்றுப் பார்த்தார். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. கோட் கசங்கவில்லை. டை அசையவில்லை.

"பாருங்க சீதேவிப்பிள்ளை! இருவத்திரண்டு வருசமா நான் கோட் போடுறன், எனக்கு வராத ஒழுக்கம் இந்தப் புள்ளைக்கு வந்திரிக்கி. இந்த வெக்கையில ஒரு துளி வேர்க்கல்ல! தலைமைக் கந்தோர் கேக்கிறது இப்பிடி ஆளைத்தான்." சொன்னதோடு நிற்காமல் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார்.

ஜசிந்தன் எழுந்து நின்றான். மேலதிகாரி எழும்பும்போது சின்னவன் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை. உசனார் வலப்பக்கம் வந்தால் அவன் இடப்பக்கம் திரும்பினான். அவர் இடப்பக்கம் வந்தால் இவன் வலப்பக்கம். இரண்டு பேரும் அரை வட்டம் ஆடி முடித்ததும், "கெட்டிக்காரன்!" என்று சொல்லி, அந்த மனிதர் தன் நீண்ட கையை அவன் தோளுக்கு மேலால் போட்டு முதுகில் ஓங்கித் தட்டினார்.

கை பெனியனில் விழுந்தது. ஒரு விரல் ஓட்டைக்குள் போயிற்று.

உசனார் மெல்லக் கையை எடுத்தார். சுற்றிப் போய்ப் பின்னால் நின்று பார்த்தார். நாடாக்களை எண்ணினார் போலும், அவ்வளவு நேரம் எடுத்தது.

"என்ன தம்பி இது?"

ஜசிந்தனுக்குக் கண் எரிந்தது. உள்ளதையே சொன்னான். "சேர், இது எங்கட மாமாட மலர்ச்சாலைக் கோட். மையித்துக்குப் போடுறது. எனக்குக் கோட் இல்ல. கோட் இல்லாட்டி உள்ளுக்கு எடுக்கமாட்டம் எண்டு எழுதி இரிந்திச்சு. எனக்கு இந்த வேலை கட்டாயம் வேணும் சேர், இல்லாட்டி அம்மா குவைத்துக்குப் போயிருவா. அதான் போட்டன். உங்களை ஏமாத்த நினைக்கல்ல, முதுகை மட்டும்தான் மறைச்சன்."

கோவையை எடுத்துக்கொண்டான். வணக்கம் சொன்னான். இனி யாருக்கு எதை மறைப்பது? காலையிலிருந்து முதல் தடவையாக நன்றாகத் திரும்பி, முழு முதுகும் தெரிய, கதவை நோக்கி நடந்தான். வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், நேராக நடப்பது எவ்வளவு சுகமென்று அந்த நேரத்திலும் தோன்றியது.

"நில்லுங்க தம்பி. கிறுகாதீங்க. அப்பிடியே நில்லுங்க."

நின்றான். பின்னால் உசனார் நாடாவைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது தெரிந்தது.

"உங்கட ஆக்கள் மௌத்தானாக் கோட்டா போடுவாங்க?"

"ஓம் சேர். டையும்."

"எங்களுக்கு மூணு துண்டு வெள்ளைப் புடவைதான். கோட்டும் இல்ல, டையும் இல்ல. மௌத்தானவனுக்கு இரிக்கிற நிம்மதி, சம்பளத்துக்கு வேலை செய்றவனுக்கு இல்ல." பெருமூச்சு விட்டார். "முதுகெல்லாம் வேர்க்குரு, தம்பி. ராவையில ஒரு பக்கம் சரிஞ்சு படுக்க ஏலா. ஒவ்வொரு திங்கக்கிழமையும் கொழும்பு வீடியோவில கூப்பிட்டுக் கோட் போட்டிரிக்கனா எண்டு பாக்கும். நெஞ்சு மட்டுக்கும்தான் தெரியும்..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

"சேர்" என்றார் சீதேவிப்பிள்ளை, தாளில் இருந்து தலையை எடுக்காமல். "இவர் உள்ளுக்கு வரக்குள்ளயே கண்டன். கதவடியில இரிக்கிற அலுமாரி கண்ணாடிதானே, முதுகு அதில தெரிஞ்சிச்சு. எனக்கு வேண்டியது கூட்டல் தெரிஞ்ச ஆள். வந்த பதினாலு பேருக்குள்ள பிழையைப் பிடிச்சது இவர் ஒராள்தான். புள்ளி போட்டு முடிஞ்சுது."

உசனார் கதவடிக்கு வந்து, குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழமை எட்டரைக்கு வேலைக்கு வாங்க. வரக்குள்ள மாமாட்டச் செல்லி ஒண்டு கொண்டு வாங்க. நாப்பத்திநாலு சைஸ். நாடாவை மட்டும் கொஞ்சம் நீளமா விடச் செல்லுங்க."

கீழே வானில் மத்தேயு பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். ஜசிந்தன் ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்க, "மாமா, நாப்பத்திநாலு சைஸில ஒரு கோட் வேணுமாம். கிளை முகாமையாளர் உசனார் சேருக்கு" என்றான்.

மத்தேயு பத்திரிகையை மடித்தார். முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டார். "நல்ல மனிசன் எண்டு கேள்வி. எத்தினை மணிக்கு எடுக்கிறாங்க?"

"எடுக்கல்ல மாமா! எட்டரைக்கு வேலைக்கு வாறார். நானும்தான்."

விளங்குவதற்கு மாமாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் ஜசிந்தன் அம்மாவுக்குக் கோல் எடுத்துவிட்டான்.

"அம்மா, கிடைச்சிட்டு."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழும் சத்தம் கேட்டது.

"அம்மா? ஏஜென்சிக்காரனுக்கு வரல்ல எண்டு செல்லுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் வெச்சிரிக்க வேணாம். இப்பவே செல்லுங்க."

"ஓம் மனே, ஓம்" என்றாள் எமிலி, சாதாரணமாக, கடையில் சீனி வாங்கி வரச் சொன்னதற்குப் பதில் சொல்வதுபோல. "நான் வெச்சிர்றன்."

ஆனால் வைக்கவில்லை. கோலை வெட்டியதாக நினைத்துக்கொண்டு போனை எங்கோ வைத்துவிட்டாள். வான் கல்லடிப் பாலத்தில் ஏறி இறங்கும் வரைக்கும் அம்மா தனியாக இருந்து சத்தம் போட்டு அழுவதை ஜசிந்தன் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தான். நடுவில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் என்னவென்று கேட்டிருக்க வேண்டும். "ஒண்டுமில்ல கா" என்றாள் எமிலி அழுதுகொண்டே, "என்ட முழங்கால்தான் கொஞ்சம் நோகுது. ரெண்டு மாசமா நோகுது."